செம்பனைக்கு மேலே ஏ350: சிப்பாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்பாங் கடைத்தெருவில் தேநீர் குடிக்கும்போதே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கேஎல்ஐஏ என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் ஓடுபாதைகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கின்றன. தென்கிழக்கு முனையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நம் ஊரும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களும் இருக்கின்றன. தொலைதூரம் பறந்து வரும் பெரிய விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு நம் தலைக்கு மேலேதான் வரும். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-900. பைனாகுலரோடு திடலில் நிற்கும்போது பிள்ளைகளும் பெரியவர்களும் அதைப் பற்றி விடாமல் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

வருவது ஏ350தான் என்று தரையில் நின்றபடி எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முகத்தைப் பாருங்கள். விமானி அறைக் கண்ணாடிகளைச் சுற்றிக் கறுப்புப் பட்டை ஓடும். மை தீட்டிய கண் மாதிரி இருக்கும். வெயிலில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். அடுத்தது இறக்கை நுனி. அது பட்டென்று மடிந்து நிற்காது. இறக்கையே மெல்ல வளைந்து மேலே எழுவதுபோல் இருக்கும், எங்கே வளையத் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பிறகு சக்கரம். நடுவில் இரண்டு கால்கள், ஒவ்வொரு காலிலும் நான்கு சக்கரங்கள். ஆறு இருந்தால் அது போயிங் 777, அல்லது ஏ350-இன் நீளமான அண்ணனான ஏ350-1000.

போயிங் 787-ஐ இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 787-இன் இன்ஜின் உறையின் பின் விளிம்பு ரம்பப் பல் போல வெட்டி வெட்டி இருக்கும். ஏ350-இல் அந்த விளிம்பு வழுவழுப்பான வட்டம். 787-இன் இறக்கை நுனி பின்பக்கமாகச் சாய்ந்து கூராக முடியும், மேலே சுருளாது. இந்த இரண்டையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

உண்மையில் சிரமம் தருவது ஏ330நியோ. 2024 இறுதியிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸிடம் அதுவும் இருக்கிறது. அதற்கும் கறுப்புக் கண்பட்டை உண்டு, இறக்கை நுனியும் வளைந்துதான் இருக்கும், வாலில் அதே வாவ் பட்டச் சின்னம். இங்கே பொறுமை வேண்டும். விமானி அறையின் கடைசிப் பக்கக் கண்ணாடியைப் பைனாகுலரில் பிடியுங்கள். அதன் மேல் மூலை கத்தரித்தாற்போல் இருந்தால் அது ஏ330 குடும்பம். ஏ350-இல் அந்த வெட்டு இல்லை. தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால் இதைப் பார்க்க முடியாது. லுக்குட் பக்கமிருந்து வரும்போதே பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு பெரியது?

மூக்கிலிருந்து வால்வரை 66.8 மீட்டர். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 64.75 மீட்டர். உயரம் 17 மீட்டர். முழு அளவுப் பந்துத் திடலில் கொண்டுவந்து வைத்தால் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிடும். மலேசியா ஏர்லைன்ஸின் ஏ350-இல் 286 இருக்கைகள்.

அவ்வளவு பெரியது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

மெதுவாகப் போகவில்லை, நம் கண்தான் அப்படிக் கணக்குப் போடுகிறது. தரையிறங்கும்போது ஏ350-இன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பினாங்குக்கும் ஜொகூருக்கும் போய்வரும் சிறிய 737 இறங்குவதும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான். ஒரு பொருள் தன் நீளத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்துத்தான் நாம் வேகத்தை எடைபோடுகிறோம். சுமார் 40 மீட்டர் நீளமுள்ள 737 அரை வினாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் தன் நீளத்தைத் தாண்டிவிடும். ஏ350-க்கு ஒரு வினாடி பிடிக்கும். அதனால் சிறியது விரைவதாகவும் பெரியது மிதப்பதாகவும் தோன்றுகிறது. அடுத்தடுத்து இரண்டும் வரும் நாளில் ஒரு மரத்தைக் குறியாக வைத்துப் பாருங்கள், தெரியும்.

தொட்டுவிடும் உயரத்தில் போவதுபோல் இருக்கிறதே, உண்மையில் எவ்வளவு?

இறங்கும் பாதை தரையோடு 3 பாகைச் சாய்வு. அப்படியென்றால் ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் தள்ளிப் போகப் போக உயரம் ஏறக்குறைய 52 மீட்டர் கூடும். 6 கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேலே விமானம் 300 மீட்டர் சொச்சத்தில் போகும். முதிர்ந்த செம்பனையே 15, 20 மீட்டர்தான். பயப்பட ஒன்றுமில்லை. சக்கரங்களை இறக்குவது பெரும்பாலும் இதற்கு இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும்போது, அதாவது நம் ஊரை எட்டுவதற்கு முன்பே. சக்கரக் கதவு திறப்பதைக் காண விரும்புபவர்கள் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்க வேண்டும்.

சில நாட்களில் நம் பக்கம் இறங்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்?

எல்லாம் காற்று. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் ஏறும். காற்று வடக்கு, வடமேற்குப் பக்கமிருந்து வீசினால் சிப்பாங் வழியாக இறங்கி, டிங்கில், புக்கிட் சங்காங் பக்கமாக ஏறிப்போகும். காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ்: அந்தப் பக்கம் இறங்கி நம் பக்கம் ஏறும். மழைக்கு முன் காற்று மாறும்போது இந்த மாற்றம் நம் கண்முன்னே நடக்கும்.

அப்படி நம் பக்கம் ஏறும் நாளை விட்டுவிடாதீர்கள். லண்டனுக்குப் போகும் ஏ350 எரிபொருளை நிறைத்துக்கொண்டு மெல்ல, கனமாக ஏறும். இறக்கையைக் கவனித்தால் பாரம் தெரியும். தரையில் நிற்கும்போது ஏறக்குறைய நேராக இருக்கும் இறக்கை, உடலின் எடையைத் தூக்கும்போது நுனிப்பக்கம் வில்லாக வளைந்துவிடும். பார்க்கிறவர்களில் சிலர் "ஒடிந்துவிடாதா அண்ணே?" என்று கேட்பார்கள். ஒடியாது. வளைய வேண்டும் என்றுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

லண்டன்வரை நிற்காமல் போக எவ்வளவு எண்ணெய் வேண்டும்?

இங்கிருந்து லண்டன் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர், 13, 14 மணி நேரப் பயணம். ஏ350-900 மணிக்கு ஏறக்குறைய 6 டன் எரிபொருள் குடிக்கும். ஆக ஒரு வழிக்கு 80 டன் பக்கம். எவ்வளவு எடையோடு ஏறலாம், எவ்வளவு எடையோடு இறங்கலாம் என்ற வரம்புகளிலேயே இது தெரிந்துவிடும்: ஏறும்போது 280 டன்வரை தாங்கும், இறங்கும்போது 205 டன்னை ஒட்டித்தான் இருக்க வேண்டும். நடுவில் உள்ள வித்தியாசம் வழியில் எரிந்து தீர்ந்த எண்ணெய். காலையில் நம் தலைக்கு மேலே இறங்கும் விமானம், புறப்பட்டபோது இருந்த விமானத்தைவிட அவ்வளவு இலேசானது.

மலேசியா ஏர்லைன்ஸ் தன் முதல் ஏ350-ஐ 2017 நவம்பர் இறுதியில் பெற்றது. 2018 ஜனவரியில் லண்டன் சேவையில் விட்டது. அதற்கு முன் அந்தப் பாதையில் பறந்தது நான்கு இன்ஜின் ஏ380. இதே ஏ350-இன் மிகத் தொலைதூர வகையைத்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர் முதல் நியூயார்க் பக்கம் 18 மணி நேரத்துக்கும் மேலாக நிற்காமல் ஓட்டுகிறது.

இரண்டே இன்ஜின். கடலுக்கு மேலே ஒன்று நின்றுவிட்டால்?

பெரியவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வி. ஒரே இன்ஜினில் பறக்கவும், ஏறவும், இறங்கவும் முடியும் என்று நிரூபித்த பிறகுதான் எந்த இரட்டை இன்ஜின் விமானத்துக்கும் அனுமதி கிடைக்கும். புறப்படும் ஓட்டத்தின் நடுவிலேயே ஒன்று நின்றாலும், இனி நிறுத்த முடியாத வேகத்தைத் தாண்டியிருந்தால், மற்றதை வைத்து ஏறிவிட வேண்டும். ஒரு இன்ஜின் நின்றால், மற்ற இன்ஜினோடு எவ்வளவு நேரத் தொலைவுக்குள் ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஏ350-900-க்கு ஐரோப்பிய அதிகாரிகள் 2014-இல் 370 நிமிடம்வரை அனுமதித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் மேல்.

இன்ஜினின் பெயர் ரோல்ஸ்ராய்ஸ் டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி. முன்னால் சுழலும் விசிறியின் குறுக்களவு 3 மீட்டர், அதில் 22 டைட்டானியத் தகடுகள். உள்ளே போகும் காற்றில் மிகச் சிறிய பங்குதான் எரியும் அறைக்குள் போகிறது. ஏறக்குறைய ஒன்பது மடங்கு காற்று வெளிச்சுற்றாகப் போய்ப் பின்னால் தள்ளப்படுகிறது. பழைய விமானங்களின் காதைக் கிழிக்கும் அலறல் இதில் குறைந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

காலையில் இறக்கையிலிருந்து வெள்ளையாக ஏதோ வருகிறது. எண்ணெய் ஊற்றுகிறார்களா?

இல்லை. அது காற்றிலுள்ள ஈரம். இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று குளிரும். நம் ஊர்க் காலைக் காற்றில் ஈரம் நிறைய இருப்பதால் உடனே சிறு மேகமாகிவிடும். இறக்கையின் பின்புறத் தகடுகளின் ஓரத்தில் நூல் நூலாக வருவதும் அதுவேதான். விமானம் போனதும் காற்றில் கரைந்துவிடும்.

அவசர நேரத்தில் எரிபொருளை வெளியேற்றும் வசதி பல பெரிய விமானங்களில் உண்டு. ஆனால் அதை வழக்கமாக உயரத்தில், ஊர்களை விட்டு விலகிய இடத்தில் செய்வார்கள். இறங்கும் பாதையில், தோட்டத்து வீடுகளுக்கு மேலே தினமும் காண்பது அதுவல்ல. காயப்போட்ட துணியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விமானம் போய் வெகுநேரம் கழித்து ஆகாயத்தில் சீறல் சத்தம் கேட்கிறதே?

இதைக் கேட்கிறவர்கள் நன்றாகக் கவனிப்பவர்கள். கனத்த விமானம் போகும்போது இரண்டு இறக்கை நுனிகளிலிருந்தும் காற்றுச் சுழல் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு சூறாவளிக் கயிறுகள் விமானத்துக்குப் பின்னால் நீண்டு, மெல்லக் கீழே இறங்கும். காற்று அசையாத காலையில், விமானத்தின் இரைச்சல் அடங்கி அரை நிமிடம் போனதும் துணியைக் கிழிப்பதுபோல "சர்ர்ர்" என்று ஒரு சத்தம் நம் தலைக்கு மேலே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடும். மேலே பார்த்தால் ஒன்றும் இருக்காது. முதல் தடவை கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள்.

பெரிய விமானத்துக்குப் பின்னால் சிறியது வரும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தார் இடைவெளியைக் கூட்டுவதும் இந்தச் சுழலுக்காகத்தான். ஏ350-ஐக் கனரகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது போன பிறகு வானம் கொஞ்ச நேரம் காலியாக இருந்தால் காரணம் அதுதான். நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும் நேரமும் அதுதான்.

பிளாஸ்டிக் விமானம் என்கிறார்களே, பலமாக இருக்குமா?

எடையில் 53 விழுக்காடு கூட்டுப்பொருள். அதில் பெரும்பகுதி கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கியது. அதைப் பிளாஸ்டிக் என்று சொல்லி ஒதுக்குவது சரியில்லை. இலேசாக இருக்கிறது, துருப்பிடிக்காது, திரும்பத் திரும்ப வளைவதால் வரும் களைப்பை அலுமினியத்தைவிட நன்றாகத் தாங்கும். உடற்கூடு இப்படி இருப்பதால் உள்ளே காற்றழுத்தத்தையும் ஈரத்தையும் கூட்டிவைக்க முடிகிறது. வெளியே 12,000 மீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே 1,800 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய கெந்திங் மலையில், இருக்கும் அழுத்தம்தான். பழைய விமானங்களில் இது 2,400 மீட்டர்வரை போகும். நீண்ட பயணத்தில் தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதற்கு இது உதவுகிறது.

தீயில் எப்படி என்று கேட்டால், 2024 ஜனவரி 2-ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். தோக்கியோ ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். ஊழியர்கள் பதறாமல் வழிநடத்தியதும், பயணிகள் பைகளை விட்டுவிட்டு ஓடியதும் அவர்களைக் காப்பாற்றின. உடற்கூடும் அதற்கு வேண்டிய நேரத்தைத் தந்தது.

இன்னொன்று. ஏ350-இன் இறுதிக்கட்ட இணைப்பு பிரான்சின் துலூஸில் நடந்தாலும், அதன் சில கூட்டுப்பொருள் பாகங்கள் மலாக்காவில் சிடிஆர்எம் நிறுவனத்தில் செய்யப்படுகின்றன. நம் தலைக்கு மேலே போகும் இந்த வகை விமானத்தில் நம் நாட்டில் செய்ததும் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

விமான நிலையம் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?

தோட்டம். கேஎல்ஐஏ-க்காக ஒதுக்கிய நிலம் 10,000 ஹெக்டர், அதில் பெரும்பகுதி செம்பனை. 1998 ஜூனில் நிலையம் திறந்தது. அதுவரை பெரிய விமானங்கள் எல்லாம் சுபாங்கில்தான் இறங்கின. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா காட்டுக்குள் ஒரு விமான நிலையம், விமான நிலையத்துக்குள் ஒரு காடு என்று அதைத் திட்டமிட்டார். முனையத்தின் நடுவே மரங்கள் நிற்பது அதனால்தான்.

அதே காலத்தில் பக்கத்தில் புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டங்களின் மக்கள் வீடு மாறினார்கள். டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனவர்கள் அவர்கள். பால்மரம் வெட்டியவர்களும் குலை அறுத்தவர்களும் வாழ்ந்த மண் இது. விமானத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வராது.

எங்கே நின்று, எப்போது பார்ப்பது நல்லது?

வெயில் ஏறுவதற்கு முன். பத்து மணிக்குமேல் தரைச்சூடு கிளம்பி, பைனாகுலரில் விமானம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். மாலையில் மழை இல்லாவிட்டால் ஐந்து மணிக்குமேல் வெளிச்சம் நன்றாக இருக்கும். புகைமூட்டக் காலத்தில் ஆசையை விட்டுவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, முதிர்ந்த செம்பனைக்குள் நின்றால் மட்டைதான் தெரியும். மறுநடவு செய்த இடம் தேடுங்கள். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை அழித்து நடுவார்கள். கன்று இடுப்பளவு நிற்கும் அந்தச் சில ஆண்டுகள் வானம் முழுதாகத் திறந்து கிடக்கும். ஆனால் தோட்டம் பொது இடமல்ல. ஜாகாவிடமோ (தோட்டக் காவலாளி) ஆபிஸிலோ சொல்லிவிட்டுப் போங்கள். குலை லாரி வரும் செம்மண் பாதையை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். மட்டைக் குவியலில் கால் வைக்காதீர்கள், பாம்பு இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குத் திடலே போதும்.

8x42 பைனாகுலர், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ளது, கைக்கு அடக்கம். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை.

கைப்பேசிச் செயலியைத் திறந்தால் எல்லாம் வந்துவிடுகிறதே?

வருகிறது. விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. தரையில் வைத்த சிறிய அலைவாங்கிகள் அதைப் பிடித்துச் செயலிக்கு அனுப்புகின்றன. நல்ல கருவி, நானும் வைத்திருக்கிறேன்.

ஆனால் பிள்ளைகளிடம் ஒன்று வற்புறுத்துவேன்: முதலில் கண்ணால் பார்த்து என்ன விமானம் என்று சொல்லுங்கள், அப்புறம் செயலியைத் திறந்து சரியா என்று பாருங்கள். திரையை முதலில் பார்த்தவனுக்குப் பெயர் கிடைக்கும், விமானம் கிடைக்காது. இறக்கையின் வளைவும், தகடுகள் எந்த அளவுக்கு இறங்கியிருக்கின்றன என்பதும், மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதும் அவன் கண்ணில் படாமலே போய்விடும். 9எம் என்று தொடங்கும் மலேசியப் பதிவெழுத்தை வாலுக்கு முன்னால் படித்துவிட்டு ஒரு பெண்பிள்ளை கத்தும்போது இருக்கும் முகத்தைச் செயலி தராது.

என் பிள்ளை இந்தத் துறைக்குப் போக முடியுமா?

தாராளமாக. விமானி என்றதும் பெற்றோர் பணத்தை நினைத்து மலைக்கிறார்கள். அந்தப் படிப்பு செலவுள்ளதுதான். ஆனால் ஒரு விமானம் பறக்க விமானி மட்டும் போதாது. பராமரிப்புப் பொறியாளர், தொழில்நுட்பர், கட்டுப்பாட்டு அதிகாரி, கூட்டுப்பொருள் வேலை என்று எவ்வளவோ இருக்கிறது. விமானப் பராமரிப்பைச் சொல்லித்தரும் யூனிகேஎல் மியாட் கல்லூரி டிங்கிலில்தான் இருக்கிறது, பேருந்து தூரம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் விட்டுவிடக் கூடாது. படிவம் நான்கில் பாடப்பிரிவு எடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

டிரோன் விட்டு மேலிருந்து படம் எடுக்கலாமா?

கூடவே கூடாது. இறங்கும் பாதையில் டிரோன் உயிருக்கு ஆபத்து, சட்டப்படியும் குற்றம். லேசர் விளக்கடிப்பதும் அப்படித்தான். யாராவது பிள்ளை விளையாட்டாகச் செய்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இரவில் அடையாளம் காண முடியுமா?

ஓரளவுக்கு. எல்லா விமானங்களுக்கும் இடது நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை விளக்கு. நம்மை நோக்கி வரும்போது சிவப்பு நம் வலப்பக்கம் தெரியும். இறக்கை நுனியில் மின்னும் வெள்ளை விளக்கையும் பாருங்கள்: ஏர்பஸ் பெரும்பாலும் பட்பட்டென்று இரண்டு முறை மின்னும், போயிங் ஒரு முறை. குடும்பம் இப்படித் தெரிந்துவிடும். ஏ350-ஆ ஏ330-ஆ என்று முடிவுசெய்ய மட்டும் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.